ரிவரில் எவ்வளவு வைக்கலாம்? எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட ஒரே கேள்வி: "ரிவர்ல பெட் சைஸ் எப்படி முடிவு பண்றது?" இதுக்கு ஒரு நம்பர் சொல்லிட்டுப் போயிடலாம். பாட்ல பாதி வைங்க, இல்ல முக்கால் வைங்கன்னு. அப்படிச் சொல்ற வீடியோக்கள் நிறைய இருக்கு. அந்த நம்பரை நம்பி நான் தோத்த கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன தீபாவளி லீவுக்கு நத்தம் போயிருந்தேன். வீட்டுத் திண்ணையில சித்தப்பா பையன், மாமா, என் காலேஜ் நண்பன், நான். காசு கிடையாது. எங்க ஊர்ப்பக்கம் புளிக்குப் பஞ்சமில்லை, அதனால சிப்ஸுக்குப் பதிலா ஆளுக்கு நூறு புளியங்கொட்டை.

புதுசா கேக்கறவங்களுக்கு: ஹோல்டம் போக்கர்ல உங்க கையில ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு. அந்த அஞ்சாவது சீட்டுதான் ரிவர். அதுக்கப்புறம் புதுசா எதுவும் வராது. ஜெயிக்கிற கையா தோக்கிற கையான்னு முடிவாயிடுச்சு. மிச்சம் இருக்கறது ஒரு விலை பேசறது மட்டும்தான்.

நடுவுல ராஜா, ஒன்பது, எட்டு, மூணு, ரெண்டு. என்கிட்ட ஜாக்கியும் பத்தும். ராணியோ ஏழோ வந்திருந்தா வரிசை சேர்ந்திருக்கும், வரலை. பாட்ல 60 கொட்டை. நான் 45 வெச்சு ப்ளஃப் பண்ணேன். தம்பி ஒரு செகண்ட் கூட யோசிக்காம கால் பண்ணான். அவன்கிட்ட இருந்தது ஒரு ஜோடி எட்டு. "எப்படிடா கால் பண்ண?"ன்னு கேட்டா, "அண்ணே, என்னதான் வெச்சிருக்கீங்கன்னு பாக்கணும்ல" என்கிறான்.

கணக்கு என்ன சொல்லுது? 60-ஐ எடுக்க 45 போடறேன். இந்த ப்ளஃப் நஷ்டம் இல்லாம இருக்கணும்னா 105-ல 45, அதாவது 43 சதவீதம் தடவையாவது எதிராளி ஃபோல்டு பண்ணணும். என் தம்பி பத்துக்கு ஒரு தடவை ஃபோல்டு பண்ணா பெரிய விஷயம். கணக்கு சரிதான், ஆனா அவனைப் பாக்காம போட்டுட்டேன்.

இதையே திருப்பிப் பாருங்க. என்கிட்ட நிச்சயம் ஜெயிக்கிற கை இருக்கு, பாட்ல அதே 60. தம்பிகிட்ட 40 வெச்சா பத்துக்கு எட்டு தடவை கால் வரும்னு வைங்க. சராசரியா 32 கொட்டை கூடுதல். 90 வெச்சா பத்துக்கு ஆறு தடவைதான் வரும், ஆனா சராசரி 54. கால் குறைஞ்சும் லாபம் கூடுது. அதே கையை மாமாகிட்ட போடுங்க. அவர் கொட்டையைக்கூட எண்ணி எண்ணித்தான் வெளிய எடுப்பாரு. 90 வெச்சா பத்துக்கு ஒண்ணு, சராசரி 9. 20 வெச்சா பத்துக்கு ஆறு; சராசரி 12. சீட்டு அதேதான், பாட் அதேதான். தம்பிக்கு 90, மாமாவுக்கு 20.

சீசன்ல எங்க ஊர்ல மாங்காய் விக்கறவங்களுக்கு இது புதுசே இல்ல. அதே செந்தூரத்துக்கு மொத்த வியாபாரிகிட்ட ஒரு விலை, மதுரை ரோட்டுல காரை நிறுத்தறவங்ககிட்ட ஒரு விலை.

அப்போ மாமாகிட்ட பெரிய ப்ளஃப் போட்டா? 90 வெச்சா பத்துக்கு ஒன்பது தடவை போட்டுட்டுப் போயிடுவாரு. ஒன்பது தடவை 60 வருது, ஒரு தடவை 90 போகுது. சராசரி 45 லாபம். அள்ளலாம் போல இருக்குல்ல? இங்கதான் நிறைய பேர் மாட்டறாங்க. மாமா மாதிரி ஆள் சுமாரான கையையெல்லாம் முன்னாடியே தூக்கிப் போட்டிருப்பாரு. ரெண்டு பெட்டுக்கு கால் பண்ணி ரிவர் வரைக்கும் வந்துட்டாருன்னா, அந்த "பத்துக்கு ஒன்பது" செல்லாது. ஒருத்தர் பொதுவா எவ்வளவு ஃபோல்டு பண்றாருங்கறது வேற, இந்த இடத்துல எவ்வளவு ஃபோல்டு பண்ணுவாருங்கறது வேற.

இன்னொரு குழப்பம் சுமார் கை. உங்ககிட்ட ராஜா ஜோடி. "பெரும்பாலும் நான்தான் முன்னாடி இருக்கேன், பெரிசா வைக்கறேன்" என்பாங்க. கேள்வி அது இல்ல. கால் வந்தா, அந்த கால் பண்ற கைகள்ல பாதிக்கு மேல நீங்க ஜெயிக்கறீங்களா? 30 வெச்சா 20 விதமான கைகள் கால் பண்ணலாம், அதுல 13 உங்களைவிடக் குறைச்சல், 7 கூடுதல்னு வைங்க, வைக்கலாம். 90 வெச்சா அந்த 13-ல எட்டு ஓடிப்போகும், 7 மட்டும் அப்படியே நிக்கும். உங்க கையை அடிக்கிற கைகளுக்கு மட்டுமே கால் பண்ணத் தோணுற விலையை நீங்களே சொன்ன மாதிரி ஆயிடும்.

என் காலேஜ் நண்பன் மூணாவது வகை. அவனுக்கும் இதே கணக்கு தெரியும். அவன்கிட்ட பாட் அளவு பெட் வைக்கறப்போ, ரெண்டு நல்ல கைக்கு ஒரு ப்ளஃப்னு கலந்தாகணும். பாதி பாட்னா மூணுக்கு ஒண்ணு. அப்படிக் கலந்தா கால் பண்ணாலும் ஃபோல்டு பண்ணாலும் அவனுக்கு ஒண்ணுதான். 2017 ஜனவரியில கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தோட லிப்ராடஸ் ப்ரோக்ராம் பிட்ஸ்பர்க்ல நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கை ஆடி ஜெயிச்சது இந்தச் சமநிலை வழியிலதான். எதிராளி யாருன்னு அது பெருசா கவலைப்படலை. சில இடத்துல பாட்டைவிடப் பல மடங்கு பெட் வெச்சு அவங்களைத் திணறடிச்சது. ஆனா நான் என் தம்பிகிட்ட லிப்ராடஸ் மாதிரி ஆடினா, அவன் கொடுக்கத் தயாரா இருக்கற கொட்டையில பாதியை வேண்டாம்னு சொன்ன மாதிரி.

ஆன்லைன்ல முகம் தெரியாது. யார் தம்பி, யார் மாமான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஒருத்தர் ரிவர்ல கடைசியில எந்தச் சீட்டைக் காட்டறாருன்னு பாருங்க. குறைச்சலான ஜோடியோட ரெண்டு தடவை கால் பண்ணிக் காட்டினா குறிச்சு வைங்க. சதவீதக் கணக்கை ரொம்ப நம்பாதீங்க. 200 கை சேர்ந்து ஆடியிருந்தாலும், அதுல அவர் ரிவர்ல பெரிய பெட்டுக்கு முடிவெடுத்த இடம் விரல் விட்டு எண்ணலாம்.

நான் காசுக்கு ஆடியிருக்கேன், 2024-ல. அதைச் சொல்லாம இந்த எபிசோடை முடிச்சா சரியா இருக்காது. தமிழ்நாடு 2022-ல கொண்டுவந்த சட்டத்துல ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம்னு பட்டியல்ல சேர்த்திருந்தாங்க. 2023 நவம்பர் 9 அன்னைக்கு சென்னை உயர் நீதிமன்றம் ரெண்டும் திறமை ஆட்டம்தான்னு சொல்லி அந்தப் பட்டியலை ரத்து பண்ணிச்சு. அந்த தைரியத்துலதான் நான் டேபிள்ல உட்கார்ந்தேன்.

ஒரு ஐடிக்கு நேரா "கால் மட்டும்தான்"னு குறிச்சு வெச்சிருந்தேன். ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணி. அவர் மூணாவது தடவையா காசு போட்டுட்டு வந்தாரு. நல்ல கை வரப்போ எல்லாம் நான் சைஸை ஏத்தினேன், அவரும் கால் பண்ணிக்கிட்டே இருந்தாரு. கடைசியா சேட்ல "முடிஞ்சது ப்ரோ"ன்னு தமிழ்ல போட்டுட்டுப் போயிட்டாரு. எனக்கு நாலாயிரத்துச் சொச்சம். நான் எழுந்திருக்கலை, அடுத்து வந்தவரோட குறிப்பைத் தேடினேன். போக்கர் திறமை ஆட்டம்னு கோர்ட் சொன்னது சரின்னுதான் இன்னிக்கும் நினைக்கறேன். ஆனா என் திறமையில பாதி, அந்த மாதிரி ஆள் உட்கார்ந்திருக்கற டேபிளைக் கண்டுபிடிக்கறதுதான். ராத்திரி 12-ல இருந்து காலை 5 வரைக்கும் காசு ஆட்டம் கூடாதுங்கற தமிழ்நாடு விதியை 2025 ஜூன்ல உயர் நீதிமன்றம் ஏத்துக்கிட்டப்போ, என் நண்பர்கள் கிண்டல் பண்ணாங்க. எனக்கு அந்த ஒன்றரை மணிதான் ஞாபகம் வந்துச்சு. அந்த ஆகஸ்ட்லயே நாடாளுமன்றம் நிறைவேத்தின சட்டம் திறமையா அதிர்ஷ்டமாங்கற கேள்வியையே தூக்கிப் போட்டுடுச்சு. ஆன்லைன்ல காசு வெச்சா எந்த ஆட்டமும் கிடையாது. ஆப்காரங்க காசு டேபிளை மூடிட்டாங்க. அதனால இப்போ புளியங்கொட்டைதான்.

மாசித் திருவிழாவுக்கு மறுபடி நத்தம் போனேன். பகல்ல மாரியம்மன் கோயில்ல கழுமரம் ஏறுறதைப் பாத்துட்டு, ராத்திரி திண்ணையில அதே நாலு பேர். என் கையில மூணு ராஜா சேர்ந்திருந்தது. பாட்ல 60. தம்பிதானேன்னு யோசிக்காம 90 வெச்சேன். அவன் என்னைப் பாத்தான், கொட்டையைப் பாத்தான், சீட்டைக் கவுத்துட்டான். "தீபாவளிக்கு 45 வெச்சப்போ உங்க கையில ஒண்ணுமே இல்ல. இவ்வளவு வெச்சா இருக்கும்ணே."

தீபாவளிக்கும் மாசிக்கும் நடுவுல அவன் என்னைப் பத்தி ஒரு குறிப்பு எழுதியிருக்கான். என்கிட்ட இருந்தது அவனைப் பத்தின பழைய குறிப்பு.