எழுதிய கணக்கு எங்கே போயிற்று?

கணினியில் பதிந்த செய்தி அழியாது என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. ஆயினும் 'பதிவாயிற்று' என்று திரை சொன்ன பின்னும் பதிவு காணாமற்போவதுண்டு. நாள்தோறும் நிகழும் பிழையைப் பிடித்துவிடலாம். எப்போதோ ஒருமுறை நிகழ்வதைப் பிடிப்பது அரிது. பழி பெரும்பாலும் தட்டச்சு செய்தவர் தலையிலேயே விழுகிறது.

போஸ்ட்கிரெஸ் என்ற புகழ்பெற்ற தரவுத்தள மென்பொருளில் கண்டறியப்பட்ட குறை ஒன்று இதற்குத் தக்க சான்று. அதன் வேலைமுறை, என் தந்தையார் மூட்டை சுமக்கும் மண்டியின் கணக்கை ஒத்தது. கணக்கப்பிள்ளை வரவு செலவையும் கூலியையும் முதலில் துண்டுச் சீட்டில் குறிப்பார். பொழுது சாய்ந்ததும் பேரேட்டில் ஏற்றுவார். பிறகே சீட்டைக் கிழிப்பார். ஏற்றாமல் கிழித்தால் அந்த வாரம் எங்கள் வீட்டில் அரிசிக்குக் கடன்தான். தரவுத்தளமும் மாற்றங்களை முதலில் ஒரு முன்பதிவேட்டில் எழுதி, பின்னர் உரிய கோப்புகளில் சேர்க்கிறது. சேர்ந்ததும் முன்பதிவேட்டின் பழைய பகுதியை விட்டுவிடுகிறது.

ஆனால் கோப்பில் எழுதுவது நேரே வட்டில் எழுதுவதன்று, நண்பர்களே! இயக்க அமைப்பு அதை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, வசதிப்பட்டபோது வட்டுக்கு அனுப்புகிறது. 'இப்போதே வட்டில் சேர்த்துவிட்டுச் சொல்' என்று கட்டளையிட 'எஃப்சிங்க்' என்றோர் அழைப்பு உண்டு. லினக்ஸில் வட்டில் எழுதுவது தோல்வியுற்றால் அவ்வழைப்பு ஒருமுறை 'பிழை' என்று சொல்லும். அத்துடன் அந்தப் பக்கம் எழுதப்பட்டுவிட்டதாகவே குறிக்கப்பட்டுவிடும்! இரண்டாம் முறை கேட்டால் 'எல்லாம் நலம்' என்ற விடை வரும். போஸ்ட்கிரெஸோ பிழை வந்தால் மீண்டும் கேட்டது. நலம் என்றதும் சீட்டைக் கிழித்தது. நினைவகத்தில் அப்பக்கம் இருக்கும்வரை புதிய செய்தியே தெரியக்கூடும். அது வெளியேறிய பின் வட்டிலுள்ள பழைய செய்தி தலைகாட்டும். பிழை நேர்ந்த நாள் ஒன்று, வெளிப்படும் நாள் வேறு.

2018 மார்ச்சில் கிரெய்க் ரிங்கர் என்ற நிரலாளர் இதை எடுத்துரைத்தார். வல்லுநர் பலர் பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய நிரல் அது! பிழையை ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துவிடும் லினக்ஸின் போக்கு எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆயினும் தரவுத்தளத்தார் தம் பக்கத்தைத் திருத்திக்கொண்டனர். 2019 பிப்ரவரியில் வெளிவந்த திருத்தத்தின்படி, எஃப்சிங்க் பிழை என்றால் தரவுத்தளம் மறுமுறை கேட்பதில்லை; உடனே நின்றுவிடுகிறது. மீண்டும் எழும்போது முன்பதிவேட்டைப் பார்த்து மாற்றங்களைத் திரும்ப ஏற்றுகிறது.

ஆகவே இத்தகைய இழப்பை ஆராய்வோர், பயன்பாட்டு நிரலை மட்டும் புரட்டிக்கொண்டிராமல், இயக்க அமைப்பின் குறிப்பேட்டில் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை பதிவாகியுள்ளதா என்று பல நாள் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். வட்டுப் பழுது மட்டுமன்று, வலைவழிச் சேமிப்பகத்தில் இடம் தீர்ந்தாலும் இப்படி நேரக்கூடும்.