பதம் பார்க்கும் மஞ்சள் கல்

பெல்ஜியத்தின் கிழக்கு ஓரத்தில், ஆர்டென் மலைக்காட்டுக்குள் வியல்சால்ம் என்று ஒரு சிற்றூர். லியேஜிலிருந்து லக்சம்பர்க் போகும் ரயில் அங்கே நிற்கும். அந்த ஊரையும் சுற்றியுள்ள சில கிராமங்களையும் ஒட்டித்தான், சவரக்கத்தி தீட்டுகிறவர்கள் பொக்கிஷமாக மதிக்கும் மஞ்சள் கல் கிடைக்கிறது. கோட்டிக்யூல் என்று பெயர். முதலில் பார்ப்பவருக்குச் சப்பென்றுதான் இருக்கும். பாதி கரைந்த சோப்புக்கட்டி போல வெளிறிய நிறம், மழமழப்பு. இதுவா எஃகைத் தேய்க்கப் போகிறது என்று தோன்றும்.

தேய்ப்பது அதற்குள் இருக்கும் கார்னெட். நம் நவரத்தினங்களில் ஒன்றான கோமேதகமும் கார்னெட் இனம்தான். ஆனால் இங்கே இருப்பது மாங்கனீசு சேர்ந்த ஸ்பெஸ்ஸார்ட்டீன் என்ற வகை. சுமார் 48 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மாங்கனீசுச் சேறு, பிற்பாடு மலை எழும்பிய அழுத்தத்திலும் சூட்டிலும் இறுகிப் பாறையானபோது, உள்ளே இந்தப் படிகங்கள் திரண்டன. ஒரு படிகம் மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். பன்னிரண்டு முகங்கள் கொண்ட, ஏறக்குறைய உருண்டை வடிவம். அதனால் எஃகில் ஆழமாகக் கிழிக்காமல் மேலாகச் சீவிவிட்டுப் போகும். கன்னத்தில் படப்போகும் கத்திக்கு வேண்டியதும் அதுதான்.

மஞ்சள் அடுக்கு சில சென்டிமீட்டர் கனம் தேறினாலே பெரிய விஷயம். மேலும் கீழும் ஊதாநீலப் பாறை. அந்த நீலக் கல்லும் தீட்டும். கார்னெட் குறைவு என்பதால் பொறுமை அதிகம் வேண்டும். மஞ்சள் கல் மெலிந்தது, தட்டினால் உடையக்கூடியது. ஆகவே அடியில் ஒரு கரும்பலகைக் கல்லை ஒட்டித்தான் பெரும்பாலும் விற்பார்கள். மண்ணுக்குள்ளேயே நீலமும் மஞ்சளும் பிணைந்து வந்த கல் என்றால் விலை ஏறிவிடும்.

ஒரு காலத்தில் இந்தத் தொழிலை நம்பி அந்தக் கிராமங்களில் பல குடும்பங்கள் இருந்தன. பாரிஸ், லண்டன், நியூயார்க் என்று முடிதிருத்தும் கடைகள் எங்கும் கத்தி இருந்தவரை கல்லுக்கும் வேலை இருந்தது. 1903இல் ஜில்லெட்டின் பிளேடு விற்பனைக்கு வந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் பைக்குள் அது ஏறியது; வீடு திரும்பியவர்கள் பழைய கத்தியைத் தொடவில்லை. இன்னொரு பக்கம் செயற்கைச் சாணைக் கற்கள் மலிவாக வந்து குவிந்தன. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிறகு 1990களின் பிற்பகுதியில் ஒரு சிறு நிறுவனம் மறுபடி வெட்டத் தொடங்கியது. சால்ம்ஷாத்தோவில் பழைய பட்டறை ஒன்றையே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கல் அறுக்கும் இயந்திரங்களைப் பார்க்கவே போகலாம்.

நான் வாங்குவது பெரும்பாலும் பழைய சாமான் சந்தைகளில். பிரஸ்ஸல்ஸில் மரோல் பகுதியில் தினமும் கூடும், டோங்கரனில் ஞாயிறுதோறும். துருப்பிடித்த உளிகளோடு, எண்ணெய்ப் பிசுக்கேறி அடுப்புக்கரி நிறத்தில் ஒரு கட்டை கிடக்கும். பக்கவாட்டில் நகத்தால் சுரண்டினால் மஞ்சள் தெரியும். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும் சோப்பில் ஊறவைத்து, மேலே பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுவேன். கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர் உப்புத்தாளை விரித்துக் கல்லைத் தேய்த்தால், கோடு அழியாத இடம்தான் பள்ளம். எல்லாம் அழியும்வரை விடக் கூடாது. "சலூனுக்குப் போனா அரை மணி நேரம். உங்களுக்குக் கல்லக் கழுவுறதுக்கே ஞாயித்துக்கிழமை போயிடுதுங்க" என்பாள் மனைவி. மறுப்பதற்கில்லை.

சேகரிப்பவர்களில் ஒரு கூட்டம் அடுக்கின் பெயரைச் சொல்லியே விலையைக் கூட்டும். லா வெனெத், லா ட்ரெசாந்த் என்று ஒவ்வொரு அடுக்குக்கும் சுரங்கத் தொழிலாளிகள் வைத்த பெயர் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரே அடுக்கிலிருந்து வந்த இரண்டு கற்கள்கூட ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர் செவ்வகமாக அறுத்த அழகான கல்லுக்குக் காசை இறைக்க வேண்டாம். கோணல்மாணலான சிறு துண்டு போதும். அதே பாறை, விலை மட்டும் இளைத்தது.

இந்தக் கல்லின் வித்தை தண்ணீரில் இருக்கிறது. மேலே சில துளி விட்டு, அதே இனச் சிறு துண்டால் தேய்த்தால் வெள்ளைக் குழம்பு வரும். கல்லிலிருந்து விடுபட்ட கார்னெட்டுகள் அதில் உருள்வதால் வேகமாக வெட்டும். கத்தியின் முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படியப் படுக்கவைத்து, வாய் முன்னே போகும்படி குறுக்குச்சாய்வாக இழுக்க வேண்டும். கோணத்தை முதுகின் தடிமனே பார்த்துக்கொள்ளும். திருப்பும்போது முதுகின் மேல் புரட்டுங்கள். வாயின் மேல் புரட்டினால் அவ்வளவு பாடும் வீண். குழம்பு சாம்பல் நிறத்துக்கு மாறினால் எஃகு கரைகிறது என்று பொருள். ஆனால் குழம்பிலேயே எவ்வளவு இழுத்தாலும் கூர் ஓர் இடத்தில் நின்றுவிடும், மிதக்கும் துகள்கள் வாயைத் திரும்பத் திரும்ப மழுக்குவதால். அங்கிருந்து விரல் நுனியால் ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் சேர்த்து நீர்த்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் கல்லைக் கழுவிவிட்டு வெறும் தண்ணீரில் இழுக்கும்போது சரசரப்பு அடங்கி, கத்தி கல்லோடு ஒட்டிக்கொண்டு நகரும். கரடு, நைசு என்று வரிசையாகப் பல கல் வாங்கவேண்டிய வேலையை ஒரே கல் முடித்துத் தருகிறது.

பிறகு தோல்வாரில், இந்த முறை முதுகு முன்னே போக, நிதானமாக இழுத்துவிட்டுச் சவரம். ஜப்பானியச் செயற்கைக் கல்லில் இதைவிடக் கூர்மை எட்டலாம், நேரமும் மிச்சம். ஆனால் என் தாடைக்கு மஞ்சள் கல்லின் பதம்தான் ஒத்துவருகிறது, எரிச்சல் இல்லை. கூர் தளர்ந்தால் வெறும் தண்ணீரில் சில இழுப்பு போதும். கல் தேய்வதே தெரியாது, வாங்கியவர் ஆயுளைத் தாண்டியும் இருக்கும். அதனால்தான் யாரோ ஒரு தாத்தாவின் கல் இன்றும் சந்தைக்கு வருகிறது. விற்பவருக்குப் பெரும்பாலும் அது என்னவென்று தெரியாது, தாராளமாகப் பேரம் பேசலாம்.