உலுபுருன் கப்பலும் வெண்கலக் கால வாணிகமும்

துருக்கியின் தென்மேற்குக் கரையில் காஷ் என்ற சிறு துறைமுக நகரம் உள்ளது. அதற்குத் தென்கிழக்கே சுமார் எட்டரைக் கிலோமீட்டர் தொலைவில், பாறைச் சரிவு செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும் முனைக்கு உலுபுருன் என்று பெயர். கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏறத்தாழ 20 டன் சரக்கு ஏற்றிய மரக்கப்பல் ஒன்று இந்த முனையை ஒட்டி மூழ்கியது. எகிப்தில் பார்வோன்களும், அனத்தோலியாவில் ஹிட்டைட்டு மன்னர்களும், கிரேக்கத்தில் மைசீனியர்களும் ஆண்ட காலம் அது. அந்த நாடுகளுக்கிடையே நடந்த வாணிகம் எத்தகையது என்பதை இந்த ஒரே கப்பலின் சரக்கு தெளிவாகக் காட்டியது.

1982இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர், கடலடியில் காது வைத்த உலோக பிஸ்கட்டுகளைப் பார்த்ததாகத் தன் படகுத் தலைவரிடம் சொன்னார். அவை பழங்காலச் செம்புப் பாளங்கள் என்பது உடனே புரிந்துகொள்ளப்பட்டது. அதற்குக் காரணம் உண்டு. கடல்சார் தொல்லியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் துருக்கியின் கரையோர ஊர்களுக்குச் சென்று, கடலடியில் எவற்றைக் கண்டால் தெரிவிக்க வேண்டும் என்று கடற்பஞ்சு எடுப்போருக்குப் படம் காட்டி விளக்கியிருந்தார்கள். அகழாய்வு 1984இல் தொடங்கி 1994 வரை நடந்தது. முதலில் ஜார்ஜ் பாஸ் தலைமை தாங்கினார். பிறகு ஜெமால் புலாக் பொறுப்பேற்றார்.

பணி எளிதானதல்ல. பெரும்பாலான பொருள்கள் 44 முதல் 52 மீட்டர் ஆழத்தில் கிடந்தன. சில 61 மீட்டர் வரை சரிந்திருந்தன. அந்த ஆழத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனே மூளையை மயக்கும். ஆகவே ஒருவர் ஒரு நாளில் இருமுறை மட்டும், ஒவ்வொரு முறையும் சுமார் 20 நிமிடங்கள் கடலடியில் பணியாற்றினார். பதினொரு பருவங்களில் மொத்தம் 22,413 முறை மூழ்கி இந்த அகழாய்வு நிறைவு செய்யப்பட்டது.

நிலத்தில் எஞ்சாத சரக்கு

பழைய வாணிகத்தைப் பற்றி நிலத்து அகழாய்வுகள் தரும் சான்றுகளில் பெரும்பங்கு பானை ஓடுகள்தாம். சுட்ட மண் மக்குவதில்லை. உடைந்தாலும் ஓடு மிஞ்சும். ஆனால் செம்புப் பாளம் பட்டறைக்குப் போனால் உருகி வாளாகவோ கோடரியாகவோ மாறிவிடும். கண்ணாடிக் கட்டி மணிகளாகிவிடும். நறும்பிசின் எரிந்து போகும். மரமும் தானியமும் மக்கிவிடும். மூலப்பொருள் வாணிகம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் போய்ச் சேர்ந்த இடத்தில் அதன் தடம் இருப்பதில்லை. வழியிலேயே மூழ்கிய கப்பலில்தான் அது அனுப்பிய வடிவிலேயே கிடைக்கிறது. உலுபுருனின் தனிச்சிறப்பு இதுவே.

செம்பும் வெள்ளீயமும்

சரக்கின் பெரும்பகுதி செம்பு. அதன் மொத்த எடை ஏறத்தாழ 10 டன். மூலைகள் கைப்பிடி போல நீண்ட தட்டைப் பாளங்கள் 354 கிடைத்தன. விரித்த மாட்டுத்தோலை ஒத்த வடிவம் என்பதால் ஆய்வாளர்கள் இவற்றை மாட்டுத்தோல் பாளங்கள் என்கிறார்கள். ஒவ்வொன்றும் சராசரியாக 24 கிலோ எடை உள்ளது. ஓர் ஆள் தோளில் தூக்கிச் செல்லலாம். கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரெக்மிரே என்ற எகிப்திய அமைச்சரின் கல்லறை ஓவியத்தில் அயல்நாட்டார் இத்தகைய பாளங்களைத் தோளில் சுமந்து வருகிறார்கள். உலுபுருனில் அவை கப்பலின் குறுக்கே நான்கு வரிசைகளாக, கூரை ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று படிய அடுக்கப்பட்டிருந்தன. அடியில் குச்சிகளும் தழைகளும் பரப்பப்பட்டிருந்தன. உலோகம் நழுவாமலும் கப்பலின் பலகைகள் சிதையாமலும் காக்கும் ஏற்பாடு அது.

செம்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை அதில் கலந்திருக்கும் சிறிதளவு ஈயத்தில் இருக்கிறது. ஈயத்தின் ஐசோடோப்புகள் ஒன்றுக்கொன்று இருக்கும் விகிதம் தாதுப் படிவத்துக்குத் தாதுப் படிவம் வேறுபடும். உருக்கினாலும் அது மாறாது. பாளங்களின் விகிதம் சைப்ரஸ் தீவின் சுரங்கங்களோடு பொருந்தியது.

செம்போடு சுமார் ஒரு டன் வெள்ளீயமும் இருந்தது. பத்துப் பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் நல்ல வெண்கலம் கிடைக்கும். இந்தக் கப்பல் சுமந்தது கிட்டத்தட்ட அதே விகிதம். ஒரு படைக்கே ஆயுதம் செய்யப் போதுமான 11 டன் வெண்கலத்தின் மூலப்பொருள் ஒரே பயணத்தில் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளீயம் அரிய உலோகம். 2022இல் வெளியான ஆய்வு, இந்த வெள்ளீயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மத்திய ஆசிய மலைகளிலுள்ள முஷிஸ்டன் சுரங்கத்திலிருந்து வந்தது என்றும், எஞ்சியதில் பெரும்பகுதி துருக்கியின் டாரஸ் மலைப்பகுதியைச் சேர்ந்தது என்றும் கூறுகிறது. அப்படியானால் மத்திய ஆசிய மலைவாழ் மக்கள் தோண்டிய உலோகம் பல கைகள் மாறி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தரைவழியே கடந்து மத்தியதரைக் கடலை எட்டியிருக்கிறது.

கண்ணாடி, பிசின், கருங்காலி

வட்டக் கட்டிகளாக வார்த்த சுமார் 175 கண்ணாடிப் பாளங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை அடர்நீலம் அல்லது வெளிர்நீலம். அன்று நீலக் கண்ணாடி விலைமதிப்பற்ற நீலக்கற்களுக்கு இணையாகப் போற்றப்பட்டது. இந்தக் கட்டிகளின் வேதியியல் சேர்க்கையை ஆராய்ந்தபோது, கோபால்ட் சேர்ந்த அடர்நீலக் கண்ணாடி எகிப்தில் செய்த கண்ணாடியோடு ஒத்திருந்தது.

மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையிலிருந்த கானான் நாட்டு வகைச் சாடிகள் சுமார் 150 இருந்தன. பிஸ்தா இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் நறும்பிசின் அவற்றுள் பலவற்றில் நிரம்பியிருந்தது. ஒரு சாடி முழுக்கக் கண்ணாடி மணிகள். சிலவற்றில் ஒலிவக் காய்கள். பெருந்தாழி ஒன்றில் சைப்ரஸ் நாட்டுப் புதுக் கலங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஆப்பிரிக்கக் கருங்காலிக் கட்டைகள், யானைத் தந்தம், நீர்யானைப் பற்கள், தீக்கோழி முட்டை ஓடுகள், ஆமை ஓடுகள், வட ஐரோப்பாவின் பால்டிக் கரையிலிருந்து வந்த அம்பர் மணிகள் ஆகியவையும் இருந்தன.

வெட்டி மடித்த பழைய நகைத் துண்டுகளோடு ஒரு தங்க முத்திரையும் கிடைத்தது. வண்டின் வடிவில் செய்த அதில் எகிப்திய அரசி நெஃபர்டிட்டியின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அவள் பெயர் தாங்கிய தங்க வண்டு முத்திரை வேறெங்கும் கிடைத்ததில்லை. அரசியின் காலத்திலோ அதன் பிறகோதான் கப்பல் மூழ்கியிருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

கப்பலில் இருந்தவர்கள்

இத்தனை நாட்டுச் சரக்கு ஏற்றிய கப்பல் யாருடையது? விளக்குகள் இதற்கு ஒரு நல்ல தடயம். சைப்ரஸ் நாட்டு விளக்குகள் கரி படியாமல் புதிதாக இருந்தன, அவை விற்பனைக்கு. மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில், இன்றைய சிரியா, லெபனான், இஸ்ரேல் பகுதியில் செய்த விளக்குகளின் முனையிலோ கரி படிந்திருந்தது. கப்பலில் இரவுதோறும் எரிந்தவை அவை. கப்பலில் இருந்த 24 கல் நங்கூரங்களும் அந்தக் கரையின் வகையைச் சேர்ந்தவை. அங்கே ஏறிய ஒரு சுண்டெலியின் தாடை எலும்புகூடச் சரக்கின் இடையே கிடைத்தது. கப்பல் லெபனான் தேவதாரு மரத்தால் ஆனது. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, உள்ளே மரத்துண்டைச் செருகி, மர ஆணி அடித்து அவற்றை இணைத்திருந்தார்கள்.

வணிகர்களின் கருவிகளும் கிடைத்தன. 149 எடைக்கற்களில் சில பசு, வாத்து, தவளை, சிங்கம் என விலங்குகளின் உருவில் இருந்தன. பலவற்றுக்கு அடிப்படை அளவு ஏறத்தாழ 9.3 கிராம். மெழுகு பூசி எழுதுவதற்கான இரட்டை மரப்பலகை ஒன்று தந்தக் கீலோடு கிடைத்தது. கணக்கெழுதும் பழக்கத்துக்கு அது சாட்சி. இவற்றோடு மைசீனிய வாள்களும் முத்திரைகளும் அன்றாடப் பயன்பாட்டுக் கலங்களும் இருந்ததால், கிரேக்க நாட்டைச் சேர்ந்த உயர்நிலையினர் இருவர் பயணம் செய்திருக்கலாம் என்று புலாக் கருதுகிறார். அத்தி, பாதாம், மாதுளை, கொத்தமல்லி, கருஞ்சீரகம் ஆகியவற்றின் எச்சங்களும் மீன்பிடிக் கருவிகளும் மாலுமிகளின் உணவைப் பற்றிச் சொல்கின்றன.

அரண்மனை வாணிகம்

கிழக்கு மத்தியதரைக் கடலின் நீரோட்டம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. கிழக்குக் கரையிலிருந்து புறப்படும் கப்பல் சைப்ரஸைத் தொட்டு, துருக்கியின் தென்கரையை ஒட்டி மேற்கே ஏஜியன் கடலுக்குப் போவது இயல்பான வழி. திரும்பும்போது கிரீட் தீவிலிருந்து தெற்கே வட ஆப்பிரிக்கக் கரையை அடைந்து, எகிப்து வழியாக ஊர் சேரலாம். உலுபுருன் கப்பல் மேற்கு நோக்கிச் சென்றபோது மூழ்கியது.

இவ்வளவு உலோகத்தைத் தனி வணிகர் ஒருவர் திரட்டுவது கடினம். எகிப்தின் அமர்னாவில் 1887இல் வெளிப்பட்ட களிமண் கடிதங்கள் இங்கே துணை செய்கின்றன. மன்னர்கள் ஒருவரையொருவர் சகோதரா என்று விளித்து, பரிசு என்ற பெயரில் பொருள்களைப் பரிமாறிக்கொண்டதை அவை காட்டுகின்றன. சைப்ரஸ் என்று கருதப்படும் அலாசியாவின் மன்னன் பார்வோனுக்குச் செம்பு அனுப்பியதும் அவற்றில் பதிவாகியுள்ளது. கடிதங்கள் சொன்ன பொருள்கள் எந்த வடிவில், எந்த அளவில் சென்றன என்பதை உலுபுருன் கண்முன் நிறுத்தியது. பெரும் சரக்கு ஓர் அரண்மனைக்குப் போகும் பரிசாக இருக்கலாம். கப்பலோட்டிகள் சொந்தமாகவும் சிறு வாணிகம் செய்தார்கள் என்பதை எடைக்கற்களும் நறுக்கிய தங்கமும் உணர்த்துகின்றன.

1960இல் பாஸ் இதே கடற்கரையில் கெலிடோன்யா முனை அருகே மற்றொரு கப்பலை அகழ்ந்திருந்தார். அது கி.மு. 1200ஐ ஒட்டி மூழ்கியது. அளவில் சிறிய அந்தக் கப்பலில் சுமார் ஒரு டன் உலோகம், உடைந்த வெண்கலக் கருவிகள், பட்டறைச் சாமான்கள் இருந்தன. உருக்கி மீண்டும் வார்க்கக் கூடை கூடையாகச் சேர்த்த பழைய வெண்கலம் அது. இது கிழக்குக் கரை மக்களின் கப்பல் என்று பாஸ் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. அந்தக் காலக் கடல் வாணிகம் மைசீனியக் கிரேக்கர்களின் கையில் இருந்தது என்பதே அன்றைய பொதுக்கருத்து. உலுபுருன் சான்றுகள் பாஸின் கருத்துக்கு வலுச் சேர்த்தன.

கி.மு. 1200ஐ ஒட்டி ஹிட்டைட்டு அரசும் மைசீனிய அரண்மனைகளும் உகாரித் துறைமுக நகரமும் வீழ்ந்தன. செம்பு ஓரிடத்திலிருந்தும் வெள்ளீயம் வேறிடங்களிலிருந்தும் வந்து சேர்ந்தால்தான் வெண்கலம் என்ற நிலையில், இந்த அரசுகள் ஒன்றையொன்று எந்த அளவுக்குச் சார்ந்திருந்தன என்பதற்கு உலுபுருன் சரக்கே அளவுகோல். அந்தச் சரக்கும் கப்பலின் எஞ்சிய பகுதிகளும் இன்று துருக்கியின் போட்ரும் கோட்டையிலுள்ள நீரடித் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளன.