மக்காச்சோளக் கதிர் இல்லை, சுவர்

விளாத்திகுளம் பக்கத்து வாசகர் ஒருவர் ஒரு கல்லின் படம் அனுப்பியிருந்தார். அரியலூர் பக்கம் போயிருந்தபோது மணற்பாறையில் பார்த்தாராம். மணிமணியாக இருக்கிறதே, மக்காச்சோளக் கதிர் கல்லாகிவிட்டதா என்று கேட்டிருந்தார். கோவில்பட்டியைச் சுற்றி மக்காச்சோளக் காட்டிலேயே நடக்கிற நமக்கு அப்படித்தான் தோன்றும். வெளிநாடுகளிலும் பலர் இதைக் கதிர் என்றே நம்பியிருக்கிறார்கள்.

அது இறால் போன்ற ஒரு பிராணி கட்டிய வளையின் சுவர். ஓஃபியோமார்ஃபா என்று பெயர். அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் கடல் கிடந்த காலத்துப் பாறைகளை நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-லேயே வகைபிரித்து எழுதிவிட்டார். அவற்றில் இளையவற்றுக்கே ஏறக்குறைய ஆறு கோடி வயது.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்தச் சுவர்தான். அலை புரளும் மணலில் துளைத்தால் சரிந்து மூடிவிடும். அதனால் பிராணி சேற்றை உருட்டி உருட்டிச் சுற்றிலும் பதிக்கிறது, உட்புறத்தை மெழுகிவிடுகிறது. எங்கள் ஆச்சி தானியம் கொட்டும் குலுக்கை செய்தது இப்படித்தான். மிதித்த மண்ணை உருண்டை பிடித்து வரிசையாக வைப்பாள். பிறகு கையை உள்ளே விட்டு, தண்ணீர் தொட்டு வழித்துவிடுவாள்.

அதே பிராணி கெட்டிச் சேற்றில் பறித்தால் உருண்டைக்கு வேலையில்லை. வெறும் சுவரோடு, கவட்டைபோல் கிளை பிரிந்து போகும். அந்த வளைக்குத் தலாசினாய்டீஸ் என்று வேறு பெயர். ஒரே வளை மணலைத் தாண்டிச் சேற்றுக்குள் நுழைந்ததும் பெயர் மாறிவிடும்! பெயர் பிராணிக்கு இல்லை, அது செய்த வேலைக்கு. ஆகவே சுவர், கிளை, உள்ளே அடைந்திருக்கும் மண், நிமிர்ந்த வளையா படுத்த வளையா என்பதையெல்லாம் பார்த்துத்தான் இனம் பிரிக்க வேண்டும். கிளையே இல்லாமல் குழல்போல் செங்குத்தாக நெருங்கி நின்றால் ஸ்கோலிதோஸ். பெரும்பாலும் அங்கே இருந்தது அலையடித்த ஆழமில்லாத கடல். எந்தெந்த வளைகள் சேர்ந்து வருகின்றன என்பதை வைத்தே பழங்கடலின் தன்மையைச் சொல்லும் முறையை வகுத்தவர் ஜெர்மானியரான அடோல்ஃப் சைலாக்கர். 1992-இல் கிராஃபூர்ட் பரிசு பெற்றவர்.

செத்த சிப்பியை நீரோட்டம் எங்கோ உருட்டிப் போய்ப் போட்டிருக்கலாம். வளை வெட்டின இடத்திலேயே இருக்கும். ஆனால் அரியலூர் போகிறவர்கள் சுருள் சிப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு வளைகளை மிதித்துத் தாண்டிப் போகிறார்கள். மனசு கேட்கவில்லை. பெயர்த்தெடுத்த துண்டு எந்த அடுக்கில், எந்தப் பக்கம் மேலாக இருந்தது என்பது போய்விட்டால் பாதிச் செய்தி அங்கேயே போயிற்று. அளவுக்கு ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்தால் போதும்.

வாசகர் நாணயம் வைத்திருந்தார், கல்லையும் பெயர்க்கவில்லை. அது பாறையில் நின்றிருந்ததா, படுத்திருந்ததா என்று அவருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.