தில்லி வெயிலில் ஒரு தஞ்சாவூர் வீணை

கரோல்பாகிலோ ராமகிருஷ்ணபுரத்திலோ நெடுநாள் குடியிருந்த தமிழ்க் குடும்பம் எதற்காவது போய்ப் பாருங்கள். படுக்கையறையில் பீரோவின் தலைமேல், சூட்கேஸ்களுக்கும் ரஜாய் மூட்டைக்கும் நடுவே, பழைய வேட்டியில் சுற்றிய நீளமான பொருள் ஒன்று கிடக்கும். வீணை! மாமி கல்யாணமாகி வந்த புதிதில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் கூடவே வந்தது. பெண் கொஞ்ச காலம் கற்றுக்கொண்டாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தது, வீணை நின்றது. பெண் இப்போது அமெரிக்காவில். சார் ஓய்வு பெற்றுவிட்டார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். லாரிக்காரன் சாமான்களைப் பார்வையிட வருகிறான். பீரோவைக் குறித்துக்கொள்கிறான், ஃபிரிஜ்ஜைக் குறித்துக்கொள்கிறான், அண்ணாந்து பார்த்து "யே க்யா ஹை?" என்கிறான். அப்போதுதான் வீட்டாருக்கு வீணையின் ஞாபகம் வருகிறது.

தலைநகரில் பழைய வீணைகள் கைமாறுவது பெரும்பாலும் இப்படித்தான். யாராவது தெரிந்தவர்கள் மூலமாகக் கோவிலிலோ சங்கத்திலோ செய்தி பரவும். "நல்ல தஞ்சாவூர் வீணை சார், ஏகாண்டம்" என்பார்கள். சம்பளக்காரரான நம்மவர் ஒருவர், தம் பெண்ணுக்கோ பேத்திக்கோ வாங்கலாமா என்று யோசிப்பார். வாங்கலாம். ஆனால் கண்ணால் வாங்கக் கூடாது என்பதற்கு நானே சாட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் பழம்பொருள் கடை ஒன்றில் ஒரு வீணையைப் பார்த்தேன். கண்ணாடி போல் பாலீஷ். யாளி முகத்தில் புதுப் பொன் வர்ணம். குடத்தில் கொடிவேலை. "ஒரே மரத்தில் செய்தது, நூறு வருஷம்" என்றார் கடைக்காரர். நானும் நம்பினேன். டிசம்பரில் வாங்கியது மார்ச் வரை சாதுவாக இருந்தது. ஜூன் மாதம் லூ காற்று அடிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள், பகலில் 'பட்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் குடமும் தண்டியும் சேருமிடத்தில் பாலீஷ் பிளந்து, உள்ளே ஒட்டு தெரிகிறது. ஒட்டு வீணையாக இருந்ததில் தவறில்லை. நல்ல ஒட்டு வீணைகள் எத்தனையோ உண்டு. ஏகாண்டத்துக்கு உரிய விலையைக் கொடுத்ததில்தான் வருத்தம்.

ஏகாண்ட வீணை, சிலர் சொல்வதுபோல் ஏகாந்த வீணை, என்பது குடம், தண்டி, தலைப்பகுதி எல்லாவற்றையும் ஒரே பலாக் கட்டையில் குடைந்து எடுப்பது. ஒட்டு வீணையில் அவற்றைத் தனித்தனியே செய்து இணைப்பார்கள். முதல் வகைக்குப் பெரிய கட்டையும் அதிக உழைப்பும் வேண்டும். ஆகவே எண்ணிக்கை குறைவு. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்குத் தஞ்சையில் தனி மதிப்பு. பலா இலேசான மரம், நாதத்தை வாங்கித் திருப்பித் தரும் மரம்; மிருதங்கத்துக்கும் அதுதான். 24 மெட்டுகள் கொண்ட இன்றைய வீணையின் அமைப்பு, பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றது என்பது வழிவழியாக வரும் செய்தி. 2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒட்டா, ஏகாண்டமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டார்ச் விளக்கு ஒன்று எடுத்துப் போங்கள். குடத்திலிருந்து தண்டிக்கு ஏறுமிடத்தில் மரத்தின் ரேகை தொடர்ந்து ஓடுகிறதா என்று வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒட்டு வீணையில் அந்த இடத்தில் ரேகை அறுந்து வேறு திசையில் போகும். பெரும்பாலும் இணைப்பின் மேலேயே ஓர் அலங்கார வரம்பு வைத்து மறைத்திருப்பார்கள். புதிதாக அடர்ந்த பாலீஷ் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். அழுக்கேறி மங்கிக் கிடக்கும் வீணை உண்மையைச் சொல்லும்.

பிறகு குடத்தை விரல் முட்டியால் மெல்லத் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் செத்த ஓசை கேட்டால், அங்கே பிளவை மக்கு வைத்து அடைத்திருக்கலாம். அடியில் மாவு போல் தூள் உதிர்ந்தால் மரம் உளுத்திருக்கிறது, எழுந்து வந்துவிடுங்கள். குடத்தின் மேற்பலகையில், குதிரைக்குப் பக்கத்தில் ஓர் அடிக்கோலை நிறுத்திப் பாருங்கள். பல வருஷம் தந்தியின் அழுத்தத்தைத் தாங்கிய பலகை சில வீணைகளில் உள்வாங்கியிருக்கும். சற்றே இறங்கியிருந்தால் பாதகமில்லை, பள்ளமாகவே இருந்தால் பலகை மாற்ற வேண்டியிருக்கும். சுரைக்காய் உடைந்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ கவலை வேண்டாம். அதைத் தனியே வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

வயதுக்காக மட்டும் விலையை ஏற்றிக் கொடுக்காதீர்கள். மேல்நாட்டில் பழைய கிட்டார்களுக்கு என்ன கிராக்கி என்று படித்திருப்பீர்கள். கர்ட் கோபேன் என்ற பாடகர் வாசித்த, 1959-ல் செய்த மார்ட்டின் கிட்டார் ஒன்று 2020-ல் அறுபது லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அங்கே அதற்கு ஒரு சௌகரியம் உண்டு. மார்ட்டின் கம்பெனி 1898 முதல் ஒவ்வொரு கிட்டாருக்கும் வரிசை எண் குத்தி அனுப்புகிறது. எண்ணைப் பார்த்தால் பிறந்த வருஷம் தெரிந்துவிடும். நம் பழைய வீணைகளுக்கு எண்ணும் இல்லை, ஜாதகமும் இல்லை; அனேகமாகச் செய்தவர் பெயர்கூட இராது. விற்பவர் சொல்லும் வயதுதான் வயது. நூறு என்பவரிடம் நூற்றைம்பது இல்லையா என்று கேட்டால் அதற்கும் தலையாட்டுவார்!

தந்தம் பதித்த வீணை என்று ஆசை காட்டுபவர்களும் உண்டு. இதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. அந்நாளைய வீணைகளில் குடத்திலும் தண்டி ஓரங்களிலும் தந்த வேலைப்பாடு சகஜம். ஆனால் 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-லும் 1991-லும் செய்த திருத்தங்களுக்குப் பின் நம் நாட்டில் தந்த வியாபாரம் தடை செய்யப்பட்டிருக்கிறது. பழையது, பாட்டனார் சொத்து என்று சொல்லித் தப்ப முடியாது. மான் கொம்பு வேலைக்கும் அதே கதிதான். அப்படிப்பட்ட வீணையை விலைக்கு வாங்காமலிருப்பதே உத்தமம். அமெரிக்காவிலுள்ள பெண்ணுக்கு அனுப்ப நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தொல்பொருள் சட்டம் இடம் கொடுப்பதில்லை. நூறு வருஷ வீணை என்று பெருமையாகச் சொல்லி விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இனி மேளம். பழைய வீணை வாங்குபவர் யோசிக்காமல் விடுவதும், பின்னால் அதிகம் செலவு வைப்பதும் இதுதான். சித்தாரில் மெட்டுகளைத் தண்டியில் நூலால் கட்டியிருப்பார்கள், நகர்த்திக்கொள்ளலாம். வீணையில் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை. தேன்மெழுகோடு கரித்தூளும் குங்கிலியமும் கலந்து காய்ச்சி, தண்டியின் இருபுறமும் கரை கட்டி, சூடு ஆறுவதற்குள் ஒவ்வொரு மெட்டாகக் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்த வேண்டும். மயிரிழை பிசகினாலும் சுவரம் பேசாது. நாள் கணக்கில் செய்கிற வேலை. தில்லியில் சித்தார் ரிப்பேர் செய்பவர்களுக்குக் குறைவில்லை. தந்தி போட, பிரடை சரி செய்ய அவர்கள் போதும். மேளம் கட்டுவது வேறு வித்தை.

வாங்கும்போதே இதைச் சோதித்துவிடலாம், சங்கீதம் அதிகம் தெரிய வேண்டியதில்லை. சாரணித் தந்தியை வெறுமனே மீட்டுங்கள். பிறகு பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே ஸட்ஜம் மேல் ஸ்தாயியில் கேட்க வேண்டும். ஏழாம் மெட்டில் பஞ்சமம். இவை இரண்டும் சேராவிட்டால் மேளம் போய்விட்டது என்று அர்த்தம். மெட்டுகளின் தலையில் தந்தி அறுத்த பள்ளம் இருந்தால் 'ஜிர்' என்று ஓர் இரைச்சல் வரும். மேளம் போன வீணையை வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. மேளம் கட்டுகிற கூலி, தஞ்சைக்கு அனுப்பும் செலவு அல்லது அங்கிருந்து ஆள் வரவழைக்கும் செலவு, எல்லாவற்றையும் கூட்டி, அதைச் சொன்ன விலையில் கழித்துப் பேசுங்கள். எங்கள் பேட்டையில் நாலைந்து வீட்டார் சேர்ந்து, குளிர்காலத்தில் ஒரு கைதேர்ந்தவரை வரவழைத்தோம். ரயில் கட்டணமும் சாப்பாடும் பகிர்ந்துகொண்டதில் சுமை தெரியவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு நாள் மெழுகு வாசனை!

தில்லியின் சீதோஷ்ணம் வீணைக்கு ஆகாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஆகாசவாணியின் வாத்ய விருந்தாவை நடத்திய ஈமனி சங்கர சாஸ்திரி போன்ற மேதைகள் இந்த ஊரில் இருந்துகொண்டுதான் வீணை வாசித்தார்கள். ஊரின் பருவத்தை அறிந்து நடந்துகொண்டால் போதும். மே, ஜூனில் 44, 45 டிகிரி அடிக்கிறதே, அந்தச் சூட்டில் மெழுகு இளகும். இளகிய மெழுகில் மெட்டைப் பலமாக அழுத்தினால் சாய்ந்துவிடும். ஆகவே கோடையில் விடியற்காலையில் வாசியுங்கள். பகலில் காரிலோ ஆட்டோவிலோ வீணையை வெயிலில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். திரும்பி வருவதற்குள் மேளம் கெட்டிருக்கும். கூலருக்கு எதிரே வைக்காதீர்கள். ஒரு நேரம் ஈரக்காற்று, ஒரு நேரம் வறட்டுக் காற்று என்று மாறி மாறிப் பட்டால் மரம் தாங்காது. வெயில் படாத உள்சுவரின் ஓரம் நல்லது. பீரோவின் தலை, கூரையின் சூடு நேரே இறங்குகிற இடம். நம்மவர்கள் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மழை மாதங்களில் பிரடை உப்பிக்கொண்டு திரும்பாது. முறுக்கி உடைக்காமல் பொறுமையாக அசைத்து எடுங்கள். குளிரில் அதுவே சுருங்கி வழுக்கும். சாக்பீஸ் தூளைத் தடவினால் பிடித்துக்கொள்ளும். ஹீட்டருக்குப் பக்கத்தில் வீணை வேண்டாம். பாட்டிமார்கள் வடாம் காயவைப்பதுபோல் வீணையை வெயிலில் காட்டுவதும் வேண்டாம். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்துவிட்டால் துரு ஏறாது. விரலில் எண்ணெய் தொட்டு வாசிப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அவிழ்த்தால் குதிரை நகர்ந்துவிடும். அது நின்ற இடம் கடுகளவு மாறினாலும் நாதமே மாறும். எதற்கும் பென்சிலால் அடையாளம் செய்துகொள்வது நல்லது.

ரயிலில் கொண்டுவருவதானால் சுரைக்காயைக் கழற்றித் தனியே துணிப் பையில் வையுங்கள். தந்திகளை இரண்டு சுவரம் இறக்கினால் போதும், முழுக்கத் தளர்த்த வேண்டாம். குடத்தைச் சுற்றி ரஜாய் சுற்றுங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் மேல் பெர்த் ஒன்றை வீணைக்கே ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தே வந்தவர்களை நான் அறிவேன். சாமான் வண்டியில் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆரம்பத்தில் சொன்ன மாமி வீட்டு வீணைக்கு வருவோம். அதை என் நண்பர் ஒருவர் பேத்திக்காக வாங்கினார். ஏகாண்டமல்ல, நாணயமான ஒட்டு வீணை. பாலீஷ் மங்கியிருந்தது, தந்தி துருவேறியிருந்தது, மேளம் அடியோடு போயிருந்தது. ஆனால் குடத்தைத் தட்டியபோது கோவில் மணிபோல் கேட்டது. எங்கள் பேட்டைக்கு வந்த அதே கைதேர்ந்தவர் மேளம் கட்டி முடித்த அன்று மாலை, சென்னைக்குக் குடிபோய்விட்ட மாமியிடமிருந்து டெலிபோன் வந்தது. மேளம் கட்டியாச்சா, பேத்தி உட்கார்ந்தாளா என்றெல்லாம் கேட்கவில்லை.

"சாரணியை எந்தக் கட்டையிலே சேர்த்திருக்கேள்? அதுக்கு நாலரைக்கு மேலே வேண்டாம், கத்தும்" என்றார்.