அடிமூட்டை நனைந்தால் அஸ்திவாரத்தைப் பாருங்கள்!



முன்னால் கடை, நடுவில் சரக்கு அறை, பின்னால் குடும்பம் என்று ஒரே கூரையின் கீழ் வாழ்வது செந்துறை வட்டாரத்தில் நம்மில் பலருக்குப் பழகிப்போன ஏற்பாடு. இத்தகைய கட்டடத்தில் தரைக்கு அடியில் ஒரு குழாய் கசிந்தால் முதலில் அடிபடுவது அடிமூட்டைதான். சர்க்கரை கட்டிதட்டும். வெல்லம் இளகும். உளுந்தும் துவரையும் பூசணம் பிடிக்கும். நிலக்கடலையில் பூஞ்சை ஏறினால் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு அதில் உண்டாகக்கூடும். அதை விற்பது பாவம்.

மூட்டையின் நட்டம் அன்றே சிட்டையில் ஏறிவிடும். அஸ்திவாரத்தின் நட்டம் தெரிய மாதங்கள் ஆகும். தெரிய வரும்போது செலவு பல மடங்காகியிருக்கும். "மழை ஓதம்தான், வெயில் அடித்தால் காய்ந்துவிடும்" என்று தள்ளிப்போடுவதால் வரும் கேடு இது.

மண் செய்யும் வேலை

அரியலூர்ப் பக்கம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்த பூமி. சிமெண்டு ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுச்சென்றது. செந்துறை அருகே 2009இல் டைனோசர் முட்டைப் படிவங்கள் கிடைத்த செய்தி பலருக்கும் நினைவிருக்கும். இந்தப் பூமியில் பல இடங்களில் மேலே இருப்பது களிமண்ணும் கரிசலும். வேறு சில இடங்களில் முந்திரி விளையும் செம்மண்.

களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் வயலில் கை நுழையும் அளவு வெடிப்பு விடுவதை நாம் பார்க்கிறோம். வீட்டின் ஒரு மூலையில் மட்டும் குழாய் கசிந்தால் அந்த மூலை உப்பி நிற்கும். மற்ற மூலைகள் காய்ந்து தாழும். ஒரே சுவர் இரண்டு பக்கம் இழுபட, சன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். செம்மண்ணிலும் மணலிலும் கசிவு வேறு விதமாகக் கெடுக்கும். நைசான மண்ணை அரித்துக்கொண்டு போய் தரைக்கு அடியில் பொந்து உண்டாக்கும். அங்கே தரையைத் தட்டினால் வெற்று ஓசை கேட்கும்.

அடிமண்ணில் நீர் இறங்கினால் என்ன ஆகும் என்பதை ஓர் ஊரே அனுபவித்திருக்கிறது. உத்தரகண்ட் மாநிலத்தின் ஜோஷிமடம் பழைய மலைச்சரிவு மண்ணின் மேல் அமைந்த ஊர். அங்கே 2023 ஜனவரியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் கண்டது. குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. அதற்குக் காரணங்கள் பல சொல்லப்பட்டன. முறையான வடிகால் இல்லாமல் வீட்டுக் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கியதும் அவற்றில் ஒன்று. 1976இலேயே மிஸ்ரா குழு வடிகால் வசதி வேண்டும் என்று அந்த ஊருக்கு எச்சரிக்கை செய்திருந்தது. நம் ஊரில் மலைச்சரிவு இல்லை. ஆனால் அடிமண் ஈரமானால் மேலே உள்ள சுவர் தாங்காது என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

எந்தத் தண்ணீர்?

ஈரத்தைக் கண்டதும் கொத்தனாரை அழைத்துப் பூச்சு வேலை செய்வதில் பயனில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஈரம் இருந்தால் மழைநீர் என்று சந்தேகிக்கலாம். சித்திரை வெயிலிலும் ஒரே இடத்தில் ஈரம் நின்றால் குழாயைத்தான் பார்க்க வேண்டும். நாற்றமோ சோப்பு வழவழப்போ இருந்தால் கழிவுநீர்க் குழாய்.

ஈரம் காற்றிலிருந்தா, தரையிலிருந்தா என்ற ஐயம் வந்தால் ஒன்றரை அடிச் சதுரமுள்ள பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது.

இருப்புக் கணக்குச் சோதனை

மாலை இருப்பையும் காலை இருப்பையும் ஒத்துப்பார்ப்பது நமக்குக் கைவந்த கலை. அதையே தண்ணீர்த் தொட்டியில் செய்யுங்கள். இரவு கடை அடைத்த பின் எல்லாக் குழாயையும் மூடி, மேல்நிலைத் தொட்டியில் ஒரு குச்சியை விட்டு நீர்மட்டத்தைக் குறியுங்கள். விடியற்காலை யாரும் குழாய் திறக்குமுன் மறுபடி பாருங்கள்.

குறுக்களவு 110 சென்டிமீட்டர் உள்ள வட்டத் தொட்டியில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ ஒன்பதரை லிட்டர் போயிருக்கிறது. எட்டு மணி நேரத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் 19 லிட்டர். ஒரு நாளைக்கு 57. மாதத்துக்கு 1,700 லிட்டருக்கு மேல். இவ்வளவு தண்ணீரும் அஸ்திவாரத்து மண்ணுக்குள் போகிறது!

அடுத்த இரவு தொட்டியை ஒட்டியுள்ள கேட் வால்வை மூடிவிட்டு இதே சோதனையைச் செய்யுங்கள். மட்டம் அப்போதும் இறங்கினால் குறை தொட்டியிலோ வால்விலோ இருக்கிறது. நின்றுவிட்டால் அதற்குப் பின் உள்ள குழாயில் கசிவு.

இரண்டு இரவும் மட்டம் அசையவில்லை, ஆனாலும் தரை ஈரம் என்றால் கழிவுநீர்க் குழாயையும் மோட்டார் குழாயையும் பார்க்க வேண்டும். நம் பகுதி மளிகை அன்பர் ஒருவரின் கடையில் இதுதான் நடந்தது. இரண்டு முறை ஓதம் தடுக்கும் பூச்சு பூசியும் சுவர் காயவில்லை. சுவரை இடித்துக் கட்ட மதிப்பீடும் வாங்கிவிட்டார். தொட்டிச் சோதனையில் மட்டம் இறங்கவே இல்லை. பிறகுதான் முன்பு நாற்பது நிமிடத்தில் நிரம்பிய தொட்டிக்கு இப்போது ஒரு மணி நேரம் ஆவதை அவர் மனைவி சொன்னார். மோட்டார் ஓடும்போது மட்டும் கசிந்திருக்கிறது! இரவு சந்தடி அடங்கிய பின் மோட்டாரைப் போட்டு, இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டதில் சமையலறை நிலைப்படி அருகே சீறும் ஓசை தெளிவாகக் கேட்டது. இரண்டடிக்கு இரண்டடி உடைத்ததில் துருப்பிடித்த ஜி.ஐ. குழாய் இணைப்பு தெரிந்தது. சுவர் தப்பியது.

கழிவுநீர்க் குழாய்க்கு ஒரு வழி: போக்கிடத்தை அடைத்து நீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று ஒரு மணி நேரம் பாருங்கள். நகரங்களில் ஓசை அறியும் கருவியோடு வந்து சோதிப்பவர்களும் இருக்கிறார்கள். பெரிய கட்டடமானால் அந்தச் செலவு வீண்போகாது.

பழுது பார்க்கும் முறை

1. முதலில் நீரை நிறுத்துங்கள். மூட்டைகளைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, பலகை மேல் அடுக்குங்கள்.

2. ஜி.ஐ. குழாய் ஓரிடத்தில் துருப்பிடித்தால் மற்ற இடங்களிலும் துரு ஏறியிருக்கும். ஒட்டுப்போடுவதைவிடப் பழைய குழாயை அடைத்துவிட்டு, புதிய பி.வி.சி. குழாயைச் சுவரின் மேலாகக் கொண்டுபோவது நல்லது. நாளை கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

3. தரைக்கு அடியில்தான் போயாக வேண்டுமென்றால் அங்கே இணைப்பு இல்லாமல் முழுக் குழாயாகப் போடுங்கள். சுவரைக் கடக்கும் இடத்தில் பெரிய குழாய் ஒன்றை உறையாக வையுங்கள்.

4. ஒட்டிய பசை காய ஒரு நாள் விட்டு, நீர் அழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகே பள்ளத்தை மூடுங்கள். தோண்டிய ஈரக் களிமண்ணைத் திரும்பக் கொட்டாமல் கிராவலை அரையடி அரையடியாகப் போட்டுத் திமிசால் இடியுங்கள்.

5. விரிசலை உடனே பூசி மறைக்காதீர்கள். ஈர மண் காய்கையில் சுவர் மீண்டும் அசையும். விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் கடந்து கோடு தாண்டவில்லையென்றால் பூசலாம். விரிசல் அகன்றுகொண்டே போனால் தாமதமின்றிக் கட்டடப் பொறியாளரை அழையுங்கள். கடையைவிட, பின்னறையில் உறங்கும் குடும்பத்தின் உயிர் பெரிது.

காப்பீடு

கட்டடமும் சரக்கும் சேர்த்து 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கு 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி நடைமுறைக்கு வந்தது. தண்ணீர்த் தொட்டி, குழாய் வெடித்தோ வழிந்தோ உண்டாகும் நட்டம் இதில் சேரும். நாள்பட்ட தேய்மானமும் குறையான கட்டுமானமும் சேராது. ஆகவே ஈரம் கண்ட அன்றே படம் எடுத்து, தேதியோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். பல மாதம் கசியவிட்டுப் பிறகு கேட்டால் பணம் கிடைப்பது கடினம்.

இந்தச் சோதனைகளுக்கு ஒரு குச்சி, ஒரு கம்பி, ஒரு பாலித்தீன் தாள் போதும். சரக்கு இருப்பு எடுக்கும் நாளில் அடிமூட்டையையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றிரவே தொட்டியில் குச்சியை விட்டுப் பாருங்கள்.