"வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடலாமா?

"உம்மாவுக்கு வயசாயிடுச்சு, இனி அப்படித்தான் இருக்கும்" என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் முதியோரைப் படுக்கையில் தள்ளுவது பெரும்பாலும் வயது மட்டுமல்ல; ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்ட நோய்.

மத்திய அரசு 2021ல் வெளியிட்ட முதியோர் ஆய்வின்படி, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 75 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு நாள்பட்ட நோய் உண்டு. 40 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஓர் ஊனம் உண்டு. 2050ல் உலக முதியோரில் 80 சதவீதம் பேர் நம்மைப் போன்ற வளரும் நாடுகளில்தான் இருப்பார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நோய் எப்படி ஊனமாகிறது?

சர்க்கரை நோய் பாதத்து நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. புண் வலிக்காததால் யாரும் பார்ப்பதில்லை. முடிவில் விரலையோ காலையோ எடுக்க நேர்கிறது. பிரஷர் வெளியே தெரிவதில்லை. "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று மாத்திரையை நிறுத்துபவரைப் பக்கவாதம் தாக்கலாம். கண்புரையால் பார்வை மங்கியவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது.

உதவி எங்கே?

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024ல் திறக்கப்பட்டது.

பாலவாக்கம் போன்ற பகுதிகளில் குறை வேறு இடத்தில் இருக்கிறது. மகன் வளைகுடாவில் இருப்பார். பணம் தவறாமல் வரும். ஆனால் உம்மாவின் பாதத்தைக் குனிந்து பார்க்க ஆள் இருக்காது. ஈ.சி.ஆர். சாலையைக் கடக்க அஞ்சியே மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடும் பெரியவர்களும் உண்டு.

நாம் செய்யவேண்டியது

தினமும் பாதத்தைப் பார்ப்போம். ஆண்டுக்கொருமுறை கண் பரிசோதனை செய்விப்போம். குளியலறையில் கைப்பிடி பொருத்துவோம். ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்து பேசுவோம். நோன்பு நோற்க இயலாத முதியவருக்கு ஃபித்யா எனும் சலுகையை மார்க்கமே தந்திருக்கிறது, மாத்திரையை விட்டு உடலை வருத்தத் தேவையில்லை. பள்ளிவாசல்களில் சாய்தளமும், உட்கார்ந்து உளூ செய்ய இடமும் அமைப்பது ஜமாஅத்தின் பொறுப்பு.

பெற்றோருக்குச் செய்யும் பணிவிடை பணம் அனுப்புவதோடு முடிவதில்லை. அதை நிறைவாகச் செய்யும் பிள்ளைகளாக வல்ல இறைவன் நம்மை ஆக்கியருள்வானாக!